தலைவலிப் பாக்கி

அந்தப் பள்ளிக்கூடத்தில் நிம்மதியின் விலை ஒரு வயிற்றுவலி. தலைவலி என்றால் இன்னும் சல்லிசாக முடியும். காய்ச்சல்தான் கட்டுப்படியாகாத சரக்கு. அதற்குத் தெர்மாமீட்டர் என்று ஒரு சாட்சி இருக்கிறது; அந்தச் சாட்சியைச் சரிக்கட்ட முடியாது. உச்சி வெயிலில் நின்று நெற்றியைச் சுட வைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வகுப்புக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

நிம்மதி என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த மருத்துவ அறையின் ஒற்றைக் கட்டில். அதன் ரெக்சின் கிழிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். சுற்றிலும் பச்சைத் திரை. திரையை இழுத்து மூடிவிட்டால் கணக்கு இல்லை, இலக்கணம் இல்லை, பக்கத்து பெஞ்சுக்காரியின் முழங்கை இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் சலித்துக்கொண்டே சுற்றும். மேலே படியில் யாராவது ஓடினால் கூரை தடதடவென்று அதிரும். அதுவும் கேட்கச் சுகமாகத்தான் இருக்கும், ஓடுகிறவர் தாம் இல்லை என்பதால்.

இந்த நிம்மதிக்குக் காவல் நர்ஸ். பிள்ளைகள் முகத்துக்கு நேரே சிஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் தராசு. பெயர் வைத்தவன் பள்ளியை முடித்துவிட்டுப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நர்ஸ் பாத்திரக் கடைக்காரர் மகள். விரலை மடக்கிக் குடத்தைத் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் எங்கே என்று சொல்லும் கடையில் வளர்ந்தவள். அந்த வித்தை பிள்ளைகளிடமும் செல்லும் என்பது அவள் நம்பிக்கை. ஒருத்தி வாசலில் நின்று "சிஸ்டர்" என்று கூப்பிடும் குரலிலேயே வலி நிஜமா நடிப்பா என்று தெரிந்துவிடும் என்பாள். பெரும்பாலும் தெரிந்தும்விடும்.

நடிப்பு என்று தெரிந்தால் விரட்ட மாட்டாள். பேரம் பேசுவாள்.

"வீட்டுக்குப் போகணும் சிஸ்டர்."

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க."

"அப்ப அங்க போய் யாருகிட்ட வலிக்குதுன்னு சொல்லுவே, சுவத்துகிட்டயா? இங்கயே படு. பத்து நிமிஷம்."

"அரை மணி நேரம்."

"பத்து நிமிஷம், ஒரு டம்ளர் தண்ணி."

"இருபது."

"பதினஞ்சு. தண்ணியில குளுக்கோஸ் போட்டுத் தரேன். இதுக்கு மேல ஏத்தினா ஊசிதான்."

ஊசி என்றதும் வியாபாரம் படிந்துவிடும். அந்த அறையில் ஊசி இருந்ததே இல்லை என்பது அவளுக்கும் மருந்து அலமாரிக்கும் மட்டும் தெரியும்.

இப்படி வந்து போகிறவர்களில் ஒருத்தியை மட்டும் அவள் வாடிக்கை என்றே கூப்பிட்டாள். ஏழாம் வகுப்புப் பெண். ஒல்லியாக, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். தலைவலி என்பாள். எங்கே என்றால் இரண்டு விரலைப் புருவத்துக்கு நடுவில் வைப்பாள். மற்றவர்களைப் போல இன்றைக்குத் தலை, நாளைக்கு வயிறு என்று சரக்கை மாற்ற மாட்டாள். பேரமும் பேச மாட்டாள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, நனைத்த கைக்குட்டையை நாலாக மடித்துக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். சொன்ன நேரத்துக்கு எழுந்தும் போய்விடுவாள். இவ்வளவு நாணயமான ஏமாற்றுக்காரியை நர்ஸ் பார்த்ததில்லை. அதனாலேயே கொஞ்சம் பிரியம்.

ஏமாற்று என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தலைவலி எப்போது வருகிறது என்று பார்த்தாள். கணக்கு வகுப்பு முடிந்ததும் வரும். கரும்பலகை நிறைய எழுதிப் போடுகிற அறிவியல் டீச்சர் வகுப்பு முடிந்ததும் வரும். தமிழய்யா நாற்காலியை விட்டு எழாமல், வாயால் சொல்லி எழுத வைக்கிறவர். அவர் வகுப்பு முடிந்து ஒருநாளும் வந்ததில்லை. விளையாட்டு வகுப்பில் வந்ததே இல்லை. பிடித்த வாத்தியாருக்கு ஒரு தலை, பிடிக்காத வாத்தியாருக்கு ஒரு தலை. கடையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு இதைவிடத் தெளிவான திருட்டு வேண்டுமா? நர்ஸ் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை கண் பார்ப்பது அவள் பொறுப்பு. எழுத்து அட்டையை ஆறு மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். அறையின் நீளமோ அதில் பாதிதான் தேறும். ஆகையால் அட்டையை வராந்தாவின் எதிர்ச் சுவரில் மாட்டி, அறைக்குள்ளே, கட்டில் திரையை ஒட்டித் தரையில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்து கோட்டில் நின்று, திறந்த கதவு வழியாகப் பார்த்துப் படிக்க வேண்டும். மேலே பெரிய எழுத்து. வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியில் எறும்பு அளவு ஏழு எழுத்து. ந, ட, வ, ப, ர, ம, ல. முதலில் நிற்கிற பிள்ளை படிப்பதை வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். நாலாவது பிள்ளை வருவதற்குள் அதற்கு ஒரு ராகமும் வந்துவிடும். ந-ட-வ, ப-ர-ம என்று ஏற்றி, ல-வில் இறக்கிப் போடுவார்கள். நர்ஸுக்கே வீட்டில் துணி அலசும்போது அது வாயில் வந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்பு வாடிக்கையின் முறை வந்தது. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மேலிருந்து கீழே வரை மூச்சு விடாமல் சொன்னாள். மறு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. நர்ஸ் அவளுடைய கார்டில் ஆறுக்கு ஆறு என்று எழுதி, வட்டம் போட்டு, கையெழுத்து வைத்தாள். ஆறுக்கு ஆறு என்றால் பார்வையில் குறையே இல்லை என்று பொருள்.

அந்த வட்டம்தான் பிறகு வினையாக வந்தது.

தலைமையாசிரியை கெட்டவள் அல்ல, நேரம் இல்லாதவள். யார் என்ன சொன்னாலும் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே கேட்பாள். டப் என்று கடைசியாக மூடினால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். அவளிடம் கணக்கு வாத்தியார் புகார் கொண்டு போனார். ஏழாம் வகுப்பில் ஒரு பெண், இரண்டு வருடமாகத் தேறவில்லை. பலகையில் எட்டு போட்டால் நோட்டில் மூன்று எழுதுகிறாள். மற்ற பிள்ளைகள் பத்துக் கணக்கு எழுதினால் இவள் நாலு எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பள்ளியில் காகிதச் செலவை மிச்சம் பிடிக்க மாதத் தேர்வுக் கேள்விகளையும் பலகையில்தான் எழுதிப் போடுவார்கள். அதிலும் பெண் பாதிக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. எழுதிய பாதியும் கேட்காத கேள்விக்கு.

தலைமையாசிரியை நர்ஸைக் கூப்பிட்டனுப்பினாள். கண்ணில், காதில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டாள். நர்ஸ் பெண்ணின் கார்டை எடுத்துக் காட்டினாள். கடைசி வரி வரைக்கும் மடமடவென்று படித்தவள் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் வியாபாரி வாய். கேட்ட சரக்கோடு கொசுறும் கொடுத்துப் பழகியது.

"அந்தத் தலைவலியெல்லாம் நடிப்பு மேடம். கணக்குக்கு மட்டும் வர்ற தலைவலி."

பேனா டப் என்று மூடியது. வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பாவை வரச் சொல்லி ஆள் போனது. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. கையோடு தலைமையாசிரியை இன்னொன்றும் சொன்னாள். நர்ஸின் வேலையை நிரந்தரம் ஆக்குகிற உத்தரவு மேசைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மற்ற காகிதங்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டுவிடலாம். வருடா வருடம் தவணையில் வேலை பார்த்தவளுக்கு அது தேன் மாதிரி காதில் விழுந்தது. படி இறங்கும்போது ந-ட-வ, ப-ர-ம என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள்.

வியாழக்கிழமை இரண்டாம் வகுப்புக் குட்டிகளுக்குக் கண் பார்க்க வேண்டியிருந்தது. அம்மை பரவியதால் அந்த வகுப்பு மட்டும் விட்டுப்போயிருந்தது. குட்டிகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். திரைக்குப் பின்னால் கட்டிலில் வாடிக்கை படுத்திருந்தாள்; முதல் மணியே கணக்கு.

சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு குட்டி கடைசி வரிக்கு வந்து தடுமாறியது. ந என்றது. ட என்றது. அப்புறம் நர்ஸின் முகத்தைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது. அழுவதற்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. அந்த நேரம் திரைக்குப் பின்னாலிருந்து, மூச்சு அளவில், ஒரு குரல் வந்தது.

"வ… ப… ர… ம… ல."

குட்டி முகம் மலர்ந்து அப்படியே திருப்பிச் சொன்னது.

நர்ஸ் திரையைச் சரக்கென்று விலக்கினாள். வாடிக்கை மல்லாந்து படுத்திருந்தாள். ஈரக் கைக்குட்டை நாலு மடிப்பாகக் கண்ணை மூடியிருந்தது.

"நல்லாருக்கே கதை. கண்ணை மூடிக்கிட்டே ஆறு மீட்டர் படிக்கிறியா?" என்று நர்ஸ் சிரித்தாள். சிரிப்பு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அந்த ராகம், ல-வில் இறக்கிப் போடுகிற அந்த இறக்கம், மூன்று மாதத்துக்கு முன்பு அவள் தலையாட்டிக் கேட்ட அதே சரக்கு.

குட்டிகளை வகுப்புக்கு அனுப்பினாள். வாடிக்கையை எழுப்பிக் கோட்டில் நிறுத்தினாள். அலமாரியிலிருந்து ஒரு பெரிய பஞ்சுக் கட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவின் எதிர்ச் சுவர் வரை போய், உறையைத் தூக்கிக் காட்டினாள். பஞ்சு என்று உறையில் நீலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"எதுல சிஸ்டர்?"

"என் கையில இருக்கிறதுல."

பெண் தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பிறகு பணிவாகக் கேட்டாள்.

"கையில ஏதாவது வச்சிருக்கீங்களா?"

நர்ஸ் திரும்பி வந்தாள். வராந்தாவில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்றாள். பத்தே முக்கால் என்று உடனே வந்தது பதில். சரியாகவும் இருந்தது. எப்படித் தெரியும் என்றதற்கு, கேன்டீனில் தட்டு அடுக்குகிற சத்தம் கேட்டதே என்றாள்.

"அப்ப அன்னைக்கு எப்படிடி மடமடன்னு சொன்னே?"

"படிச்சிட்டு வந்தேன் சிஸ்டர்."

"எங்க படிச்சே?"

"இங்கதான். படுத்துக்கிட்டே. ஒவ்வொரு கிளாஸும் வந்து சொல்றப்ப கேட்டுக்குவேன். முதல்ல மேல் வரி, அப்புறம் கீழ் வரி. கடைசி வரிதான் கஷ்டம். வீட்டுல போய் சொல்லிப் பாத்துக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, முகம் மாறிக் கேட்டாள். "தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

"சொன்னது சரிதான். ஆனா நீ அதைப் பாத்துல்ல சொல்லணும்."

"எல்லாத்தையும் பாக்காம சொல்லணும்னுதானே சொல்லித் தராங்க."

உண்மைதான். அந்தப் பள்ளியில் வாய்ப்பாடு பார்க்காமல் சொல்ல வேண்டும், செய்யுள் பார்க்காமல் சொல்ல வேண்டும், ஆறுகளின் பெயர், அரசர்களின் பெயர், விதிகள், விதிவிலக்குகள் எல்லாமே பார்க்காமல் சொல்ல வேண்டும். பார்த்துச் சொன்னால் அடி. வரிசையில் நிறுத்தி ஏழு எழுத்தைச் சொல்லச் சொன்னால், பெண் வேறு என்ன நினைப்பாள்?

"நீங்க ஆறுக்கு ஆறு போட்டீங்களே சிஸ்டர்," என்றாள் பெண். "வட்டம் கூட போட்டீங்க. அப்பாகிட்ட காட்டினேன்."

அவள் முழு மதிப்பெண் வாங்கிய ஒரே பரீட்சை அதுதான். அதில் போய் இல்லாததைக் கொடுத்துவிட்டோம் என்று நர்ஸுக்கு உறைத்தது. தலைவலி வந்த வகுப்புகளை மனதுக்குள் திரும்ப அடுக்கிப் பார்த்தாள். பலகை உள்ள இடத்தில் வலி, இல்லாத இடத்தில் இல்லை. குடத்தைச் சரியாகத்தான் தட்டியிருக்கிறாள். கண்ணில் இருந்த கீறலை நாணயத்தில் என்று சொல்லியிருக்கிறாள். தனக்கு எல்லாரையும்விடக் காது கூர்மை என்று இருந்தவளை, அவளைவிடக் காது கூர்மையான ஒருத்தி ஏமாற்ற நினைக்காமலே ஏமாற்றிவிட்டாள்.

வகுப்புக்குப் போகச் சொன்னதும் பெண் போனாள். வாசற்படியைக் காலால் தேடித்தான் தாண்டினாள். இதையும் எத்தனையோ தரம் பார்த்தாயிற்று. சோம்பல் நடை என்று நினைத்ததுண்டு.

அதன் பிறகு நர்ஸ் செய்த முதல் காரியம், நஷ்டம் இல்லாமல் தப்ப வழி தேடியது. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. கடையில் பிறந்தவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். பெண்ணின் சமாசாரம் வெளியே வந்தால் கேள்வி ஒரு கார்டோடு நிற்காது. மொத்தப் பள்ளிக்கும் அவள்தான் பார்த்தாள், அதே கோடு, அதே வரிசை, அதே ராகம். ஒன்று பொத்தல் என்றால் எல்லாமே பொத்தலாக இருக்கலாம். அந்தச் சேதியோடு போய் நிரந்தர உத்தரவுக்குக் கை நீட்ட முடியாது. சும்மா இருந்தால் பெண் போய்விடுவாள், கேள்வியும் போய்விடும். அப்படி இருக்கவும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு மலிவான வழி அகப்பட்டது. அன்றைக்குப் பார்வை நன்றாக இருந்தது, இந்த மூன்று மாதத்தில் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். வளருகிற பிள்ளைகளுக்கு அப்படி ஆவதும் உண்டு. பெண்ணும் பிழைத்தாள், கையெழுத்தும் பிழைத்தது. இரு தரப்புக்கும் லாபம்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். தையல்காரர். சட்டைப் பையில் இஞ்சு டேப் தொங்கியது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்கு அதுவே அத்தாட்சி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெண் அவர் பின்னால் நின்றாள். தலைமையாசிரியை விஷயத்தைச் சொல்லச் சொல்ல, மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடிக்கிற பார்வை இல்லை. சட்டை ஏன் கோணலாக வந்தது என்று பார்க்கிற பார்வை. மேசையில் மாற்றுச் சான்றிதழ் எழுதித் தயாராக இருந்தது. அதன் அடியில் நர்ஸின் உத்தரவு எட்டிப் பார்த்தது.

நர்ஸ் தன் மலிவுச் சரக்கை எடுத்து விரித்தாள். நேற்று மறுபடி பார்த்தேன், பார்வை குறைந்திருக்கிறது, மூன்று மாதத்தில் கெட்டிருக்க வேண்டும் என்றாள்.

பேனா மூடி திறந்தது.

"மூணு மாசத்துல கெட்டுச்சுன்னு வச்சுக்குவோம்," என்றாள் தலைமையாசிரியை. "அப்ப போன வருஷம் ஏன் தேறல? அதுக்கு முந்தின வருஷம்? அப்பல்லாம் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு, உங்க கணக்குப்படி?"

மலிவுச் சரக்கு அந்த இடத்திலேயே நைந்து கிழிந்தது. பாதி உண்மை கொடுத்தால் பாதிப் பெண்தான் பிழைப்பாள் என்று நர்ஸுக்குப் புரிந்தது. இரண்டு வருட மந்தம் பெண்ணின் தலையில் அப்படியே நிற்கும். தலைமையாசிரியையின் கை மாற்றுச் சான்றிதழின் பக்கம் போனது. நர்ஸ் பெண்ணைப் பார்த்தாள். பெண் காகிதத்தைப் பார்க்கவில்லை. காகிதம் நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசம் இல்ல மேடம்," என்றாள் நர்ஸ். "எப்பவுமே தெரியல. நான்தான் தப்பாப் பாத்தேன். அவ அன்னைக்குப் படிக்கல, ஒப்பிச்சா. மத்த பிள்ளைங்க சொல்றதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டா. எனக்கு வித்தியாசம் தெரியல. தலைவலி நடிப்புன்னு சொன்னேனே, அதுவும் தப்பு. நெஜமாவே வலிச்சிருக்கு."

முதலில் வாயைத் திறந்தது தையல்காரர். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கண்ணில் கோளாறு கிடையாது என்றார். இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பவன் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்தன்தான். என் மகளும் அப்படித்தான், பொத்தான் வைக்கிற நேர்த்தியைப் பார்க்க வேண்டும் என்றார்.

"கிட்டத்துல பாக்கிறது வேற, அண்ணே," என்றாள் நர்ஸ். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே, நீண்ட அறையின் கோடியில், சுவரில் சிவப்புப் பெயிண்டில் அமைதி காக்கவும் என்று முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. அதைக் காட்டினாள். "அங்க என்ன இருக்கு?"

தையல்காரர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கண்ணை இடுக்கினார். மகளேதான், மீசை மட்டும் கூடுதல்.

"ஏதோ பூ வரைஞ்சிருக்கீங்க," என்றார். "செம்பருத்தி மாதிரி. நல்லாருக்கு."

தலைமையாசிரியை சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு நர்ஸைப் பார்த்தாள். மாற்றுச் சான்றிதழை எடுத்து இழுப்பறையில் போட்டாள். அதோடு அடியிலிருந்த உத்தரவையும் சேர்த்தே போட்டாள்.

"அப்ப மத்த பிள்ளைங்க கார்டெல்லாம்?"

"திரும்பப் பாக்கணும் மேடம்."

"எத்தனை பேருன்னு தெரியும்ல?"

"தெரியும். எல்லாத்துலயும் நான்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அதன் பிறகு நடந்தது சுத்தமான பேரம். தலைமையாசிரியை பெண்ணுக்கு அரையாண்டு வரை தவணை தருவதாகச் சொன்னாள். நர்ஸ், கண்ணாடி வந்து பழகவே கொஞ்ச நாள் ஆகும், முழு ஆண்டு வேண்டும் என்றாள். முழு ஆண்டு என்றால் மொத்தப் பள்ளிக்கும் மறுபடி கண் பார்க்கும் வேலை பள்ளி விட்ட பிறகுதான், வகுப்பைக் கலைக்கக் கூடாது என்றாள் தலைமையாசிரியை. சரி, ஆனால் பெண்ணுக்கு முதல் பெஞ்சு என்றாள் நர்ஸ். முதல் பெஞ்சு கணக்கு வாத்தியார் பாடு, நான் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள் தலைமையாசிரியை. சொல்லிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், சொல்லிவிடுங்கள் என்றாள் நர்ஸ். உத்தரவு பற்றி அடுத்த வருடம் பேசலாம் என்றாள் தலைமையாசிரியை. நர்ஸ் அதற்கு எதிர்விலை எதுவும் வைக்கவில்லை. வைக்கிற நிலையில் இல்லை என்று கண்டுகொண்டாள்.

பேனா டப் என்று மூடியது.

கதவருகே தையல்காரர் நர்ஸிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப அது பூ இல்லையா சிஸ்டர்?"

மறுபடி கண் பார்த்தபோது நர்ஸ் வரிசையே வைக்கவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்காக நூலக அறையை இரவல் வாங்கினாள், அதுதான் நீளம். குச்சியை வைத்து எழுத்தைக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று தாவித் தாவிக் காட்டினாள். ராகம் போடப் பார்த்தவர்களெல்லாம் திக்கினார்கள். ஆறுக்கு ஆறு வட்டம் வாங்கியவர்களிலேயே கண்ணாடி தேவைப்பட்டவர்கள் பத்துப் பேருக்கு மேல் தேறினார்கள். ஒருவன் கணக்கு வாத்தியார் வகுப்பில் முதல் மாணவன். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே முதலாக வந்துகொண்டிருந்தான். இதைக் கேட்டு வாத்தியார் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

தையல்காரரும் மகளும் ஒரே நாளில் ஒரே கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில் வாடிக்கை மருத்துவ அறை வாசலில் வந்து நின்றாள். கறுப்புச் சட்டம், முகத்துக்குக் கொஞ்சம் பெரிது. அறையை மூலைக்கு மூலை பார்த்தாள். மின்விசிறியின் தூசியைப் பார்த்தாள், திரும்பி வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் நர்ஸை வெகு நேரம் பார்த்தாள்.

"சிஸ்டர், உங்களுக்கு மீசை இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. கிளாஸுக்குப் போ."

போனாள். வாசற்படியைக் காலால் தேடவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் அவள் வரவே இல்லை. நர்ஸ் வயிற்றுவலிகளோடு பேரம் பேசிக்கொண்டும், சிராய்த்த முழங்கால்களுக்கு மருந்து போட்டுக்கொண்டும் இருந்தாள். மாலையில் வீட்டுக்குத் தாமதமாகப் போனாள். உத்தரவு இழுப்பறையில் கிடந்தது.

ஒருநாள் வரலாறு வகுப்பு நடக்கிற நேரம் வாடிக்கை வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. தலை நேராக இருந்தது.

"என்ன, தலைவலியா?"

"ஆமா சிஸ்டர்."

"எங்க வலிக்குது?"

"இப்ப இல்ல. பழசு."

"பழசுன்னா?"

"நெஜமா வலிச்சப்ப நீங்க பொய்யுன்னு நினைச்சீங்கல்ல. அதெல்லாம் பாக்கி இருக்கு. இப்ப நான் பொய்யா வருவேன், நீங்க நெஜம்னு எடுத்துக்கணும்."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதுவரை பேரமே பேசாத பெண். கண்ணாடி போட்டதும் வாயும் திறந்துகொண்டது.

"அப்பவும் படுக்க விட்டேனே. பத்து நிமிஷம் குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீங்க. நம்பலயே."

கடையில் இதற்குப் பெயர், குறை உள்ள சரக்கு வாசலுக்குத் திரும்பி வருவது. முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிற கடைதான் நிற்கும் என்று அவள் அப்பா நடத்திக் காட்டியிருக்கிறார். இருந்தாலும் சும்மா ஒப்புக்கொண்டால் பாத்திரக் கடைக்காரர் மகள் இல்லை.

"மொத்தம் எத்தனை இருக்கும்?"

"நான் எண்ணல. நீங்க எண்ணினீங்களா?"

"இல்ல."

"அப்ப நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"மாசத்துக்கு ஒண்ணு."

"வாரத்துக்கு ஒண்ணு."

"ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. கணக்கு கிளாஸ்ல வரக்கூடாது."

"கணக்கு கிளாஸ்ல ஏன் வரப்போறேன்? இப்பதானே தெரியுது." அவள் கண்ணாடியைக் கழற்றி, பத்திரமாக மடித்து மேசைமேல் வைத்தாள். "குளுக்கோஸ்?"

"அது கொசுறு. போய்ப் படு."

பெண் திரையை இழுத்து மூடினாள். மேலே படியில் யாரோ தடதடவென்று ஓடினார்கள். நர்ஸ் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள், ஸ்பூனால் கலக்கினாள், கலக்கும்போதே மனதுக்குள் கடைக் கணக்கு மாதிரி ஐந்தொகை போட்டுப் பார்த்தாள். நிஜமாக வந்து பொய்யாகத் திரும்பிப் போன தலைவலிகள், எண்ணாமல் விட்டவை, மொத்தமும் பற்று. ஆறுக்கு ஆறு வட்டம் ஒன்று, அடித்துத் திருத்தியாயிற்று. நிரந்தர உத்தரவு ஒன்று, நிலுவை. பொய்யென்று தெரிந்தே நிஜமென்று ஏற்றுக்கொண்ட தலைவலி, இன்றைய தேதிக்கு ஒன்று, வரவு. மீதி, கொடுக்க வேண்டியது.